பழைய டெஸ்க்டாப்பில் புரோகிராமிங்: எதை மாற்றினால் வேகம் கூடும்?

தஞ்சாவூரில் இருபது வருடமாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறேன், கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேரும் எழுதித் தருகிறேன். உங்கள் மெஷின் விவரத்தோடு கேளுங்கள்.

மன்னார்குடி, கல்லூரி மாணவி: அண்ணா, ஐ5-2400 புராசஸர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ரியாக்ட் (வெப் பக்கங்கள் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) படிக்கிறேன். எடிட்டரும் பிரவுசரும் சேர்ந்து திறந்தாலே நின்றுவிடுகிறது. ஒரு பொருள்தான் வாங்க முடியும்.

இப்போதைக்கு எதையும் வாங்காதேம்மா. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வழக்கமான வேலையைச் செய். மெஷின் நிற்கும் நேரத்தில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா, மெமரி 90-ஐத் தாண்டுகிறதா, சிபியு முட்டுகிறதா என்று பார். எது முட்டுகிறதோ அதைத்தான் மாற்ற வேண்டும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ராம் பற்றாமல் போனால் விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி எழுதிச் சமாளிக்கும், அப்போது டிஸ்க்கும் 100 காட்டும். அதனால் மூன்றையும் சேர்த்துப் பார்.

ஹார்ட் டிஸ்க் ஏன் இவ்வளவு மெதுவு என்றால், தட்டு நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றுகிறது, ஊசி ஒவ்வொரு ஃபைலுக்கும் இடம் தேடி நகர வேண்டும். அப்படித் தேடித் தேடிப் படித்தால் நொடிக்கு நூறு தடவை படிப்பதே பெரிய விஷயம். ரியாக்ட் ப்ராஜெக்டின் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் பல்லாயிரம் சின்ன ஃபைல்கள் கிடக்கும். எஸ்எஸ்டி என்பது சிப்பில் சேமிக்கும் டிஸ்க், அதில் ஊசியே கிடையாது. எச்61 போர்டில் சாட்டா (டிஸ்க்கை இணைக்கும் போர்ட்) வேகம் 3 ஜிகாபிட்தான், அதனால் எஸ்எஸ்டியின் முழு வேகம் வராது. பரவாயில்லை, சின்ன ஃபைல்களைப் படிக்கும்போது அந்த வித்தியாசம் உனக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம், கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? இருந்தால் பிளக் பாயின்டில் எர்த் இல்லை. முதலில் அதைச் சரிசெய்.

கும்பகோணம், சிஸ்டம் அட்மின்: சார், எஸ்எஸ்டி போட்டால் கம்பைல் (எழுதிய கோடை ஓடும் புரோகிராமாக மாற்றுவது) வேகம் கூடும் என்பது கடைக்காரர் பேச்சு. ராம் இருந்தால் ஒரு தடவை படித்த ஃபைல்கள் ராமிலுள்ள கேஷிலேயே இருக்கும். ராம்தான் முதலில்.

பாதி உண்மை, சார். கேஷில் ஏறிய பிறகு டிஸ்க் வேலையே இல்லை. ஆனால் காலையில் மெஷினைப் போட்டதும் நடக்கும் முதல் பில்ட் (ப்ராஜெக்ட் முழுவதையும் தயார் செய்வது)? பேக்கேஜ் இறக்குவது? கிட் (கோடின் பதிப்புகளைக் காக்கும் சாஃப்ட்வேர்) மூலம் கிளை மாற்றுவது? இதெல்லாம் டிஸ்க்தான்.

காரைக்கால், டெவலப்பர்: இரண்டு பேரும் 2011 மெஷினுக்குப் பணம் கொட்டச் சொல்கிறீர்கள். விற்றுவிட்டு, ஆபீஸில் கழித்த எட்டாம் தலைமுறை மெஷின் வாங்கலாமே?

கையில் பணம் இருப்பவருக்கு நல்ல யோசனை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, இன்டெலில் விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகப் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையில் இருந்துதான். ஆனால் இந்தப் பெண் கேட்டது அது இல்லை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் போட்டால் இந்த மெஷினிலேயே ரியாக்ட் தாராளமாகப் படிக்கலாம்.

கும்பகோணம் (மறுபடியும்): 4 ஜிபியில் எஸ்எஸ்டி போட்டு என்ன பயன்?

சரி, வாதம் வேண்டாம், அளந்துவிடுவோம். மெஷினை ரீஸ்டார்ட் செய்து ஒரு முழு பில்ட் ஓட்டி நேரத்தைக் குறியுங்கள். பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டு உடனே இன்னொரு தடவை ஓட்டுங்கள். இரண்டாவது வெகுவாகக் குறைந்தால், முதல் தடவை டிஸ்க்குக்காகக் காத்திருந்தது என்று அர்த்தம். குறையவில்லை, சிபியுவும் முட்டுகிறது என்றால் புராசஸர். குறையவில்லை, சிபியு சும்மா இருக்கிறது, மெமரி நிரம்பி வழிகிறது என்றால் நீங்கள் சொன்ன ராம்தான். மன்னார்குடிப் பெண்ணே, நீயும் ஓட்டிப் பார்த்துச் சொல்.

திருவாரூர்: கம்ப்யூட்டர் ஸ்லோ. என்ன வாங்கலாம்?

மேலே முதல் பதில்.

பட்டுக்கோட்டை: ஐ3, சி++ ப்ராஜெக்ட், கம்பைல் ஆகும்போது சிபியு 100. எஸ்எஸ்டியும் 8 ஜிபியும் ஏற்கெனவே இருக்கிறது.

உங்களுக்குத்தான் புராசஸர். போர்டில் புராசஸர் உட்காரும் சாக்கெட் 1155 என்றால் பழைய ஐ7-2600 தேடுங்கள். 4 கோர், 8 த்ரெட். மேக் (make) கமாண்டில் -j8 கொடுக்க மறக்காதீர்கள், எட்டு வேலை ஒரே நேரத்தில் ஓடும். 95 வாட் சிப், கூலர் தூசியைத் துடைத்துப் புது தெர்மல் பேஸ்ட் போடுங்கள்.

மயிலாடுதுறை: 8 ஜிபி டிடிஆர்3 ராம் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது, இன்டெல் போர்டு, வாங்கலாமா?

"ஏஎம்டிக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியிருந்தால் உங்கள் போர்டில் ஓடாது. எர்த் பார்த்தீர்களா?

பாபநாசம்: ஆண்ட்ராய்டு எமுலேட்டர் ஆமை மாதிரி.

பயாஸில் (மெஷின் ஆன் ஆகும்போது வரும் செட்டிங்) விர்ச்சுவலைசேஷன் ஆஃப் ஆகியிருக்கும். ஆன் செய்யுங்கள். அப்புறமும் மெதுவென்றால் 16 ஜிபி வேண்டும்.

ஒரத்தநாடு: கிராபிக்ஸ் கார்டு போட்டால் கோடிங் வேகமாகுமா?

ஆகாது.

திருத்துறைப்பூண்டி: ஸ்லோ. எந்த எஸ்எஸ்டி?

நான்கு பேர் இதையே கேட்டுவிட்டீர்கள். மேலே படியுங்கள், அளந்து பாருங்கள், அப்புறம் கேளுங்கள்.

நாகப்பட்டினம்: மழைக்காலத்தில் மெஷின் ஆன் ஆவதே இல்லை, பீப் பீப் என்கிறது. புது போர்டு போடச் சொல்கிறார்கள்.

போட வேண்டாம், பொறுங்கள். கடல் காற்று, உப்பு, ஐப்பசி ஈரம், மூன்றும் சேர்ந்து ராம் பின்களில் பாசி மாதிரிப் படியும். மின்சாரத்தை எடுத்துவிட்டு, ராமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துத் திரும்பப் போடுங்கள். உங்கள் பக்கத்தில் இருந்து வந்த எத்தனையோ மெஷின்களை இப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எர்த் விஷயத்தை எல்லோருக்குமாகச் சொல்கிறேன். எஸ்எம்பிஎஸ்சுக்குள் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் கேபினெட்டோடு இணைந்தவை. எர்த் இல்லாவிட்டால் கேபினெட்டில் சுமார் 115 வோல்ட் மிதக்கும். கரன்ட் மிகக் குறைவு, அதனால்தான் சுருக்கென்பதோடு நிற்கிறது. ஆனால் யுஎஸ்பி போர்ட்டும் போர்டும் இதில் போகலாம். உள்ளே வேறு பழுது இருந்தால் ஆளுக்கே ஆபத்து. பழைய ஓட்டு வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கஜா புயல் வந்த 2018 நவம்பரில் வாரக்கணக்கில் ஜெனரேட்டரில் ஓட்டி எஸ்எம்பிஎஸ் போன மெஷின்கள் என் மேஜையில் குவிந்துகிடந்தன. மறக்கவே முடியாது.

மன்னார்குடி மாணவி: அண்ணா, ஓட்டிப் பார்த்தேன். முதல் தடவை 3 நிமிடம் 40 நொடி. இரண்டாவது 3 நிமிடம் 25 நொடி. சிபியு 30 சதவீதம்கூட இல்லை. மெமரி 96.

அப்படியென்றால் நீ வாங்க வேண்டியது ராம்தான், எஸ்எஸ்டி அல்ல. கும்பகோணத்து சார் உன் விஷயத்தில் சரியாகவே சொல்லியிருக்கிறார். ஏற்கெனவே இருப்பது ஒற்றை 4 ஜிபி என்றால், காலி ஸ்லாட்டில் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 போடு, இரண்டு ராமையும் ஒரே நேரத்தில் படிக்கும் டூயல் சேனலும் கிடைக்கும். போட்டுவிட்டு அதே பில்டை இரண்டு தடவை ஓட்டி நேரத்தை எழுதி அனுப்பு. எர்த் பார்த்தாயாம்மா?