கையெழுத்து மட்டும் போதுமா?

கேள்வி: நீலகிரியில் ஒரு பேரூராட்சியில், பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் நின்று ஜெயித்தேன். என் வார்டில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள்தான் அதிகம். ஆபீஸிலிருந்து போன் வருவதெல்லாம் என் கணவருக்கு. கூட்டத்தில் நான் வாயைத் திறந்தால், “அண்ணன்கிட்ட பேசிக்கிறோம்மா” என்று முடித்துவிடுகிறார்கள். கணவர் கெட்டவர் இல்லை. ஆனால் “நீ கையெழுத்து மட்டும் போடு, நான் பார்த்துக்கறேன்” என்கிறார். ராஜினாமா செய்துவிட்டுப் பழையபடி இலை பறிக்கப் போய்விடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, ராஜினாமா வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிதான் நினைவுக்கு வந்தார்.

1927-ல் அவர் சென்னை மாகாணச் சட்டசபைக்குள் நுழைந்தபோது அங்கே வேறு பெண்ணே கிடையாது. அதுவும் அரசு நியமித்த இடம். நீங்கள் வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டு வாங்கியவர். அந்த வகையில் உங்கள் கால் இன்னும் உறுதியாக ஊன்றியிருக்கிறது. மருத்துவத் தொழில் கெட்டுவிடுமோ என்று அவருக்கும் முதலில் தயக்கம் இருந்தது. போன பிறகு அவையின் துணைத் தலைவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவர் வேலை செய்த விதத்தைக் கவனியுங்கள். கோயில்களில் பெண்களுக்குப் பொட்டுக் கட்டித் தேவதாசியாக்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தக் குடும்பங்களுக்கோ கோயில் பணியை ஒட்டிய மானிய நிலம்தான் சோறு போட்டது. பணியை விட்டால் நிலம் போய்விடும் என்றால் யார் துணிவார்கள்? அதனால் முதலில் அந்த நிலத்தைக் கோயில் பணியிலிருந்து விடுவிக்க 1929-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். வயிற்றுப்பாட்டைத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த யோசனை வரும். பொட்டுக் கட்டுவதையே தடை செய்த சட்டம் 1947-ல்தான் வந்தது. அப்போது அவர் அவையில் இல்லை.

அவரும் ராஜினாமா செய்தவர்தான். 1930-ல் காந்தியைக் கைது செய்ததை எதிர்த்துப் பதவியை விட்டார். யாரோ மட்டம் தட்டினார்கள் என்பதற்காக விடவில்லை.

உங்கள் மலையிலேயே அக்கம்மா தேவி இருந்தார். படுகர் சமூகத்தின் முதல் பெண் பட்டதாரி. 1962-ல் நீலகிரித் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனார். அப்போது பெண்களுக்கென்று ஒதுக்கீடெல்லாம் கிடையாது.

சரி, இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கணவரிடம் இதமாகப் பேசுங்கள். கூட்டத்துக்கு வண்டியில் கொண்டுபோய் விடட்டும், கணக்குப் புரியாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து சொல்லித் தரட்டும். ஆனால் ஆபீஸில் இருக்க வேண்டியது உங்கள் செல் நம்பர். அதை நாளைக்கே மாற்றிக் கொடுத்துவிடுங்கள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், அவசரம் என்று யார் நீட்டினாலும் சரி.

வாயால் சொன்னால் காற்றோடு போகிறது. எழுதிக் கொடுங்கள். மழைக்கு எந்த நடைபாதை சரிகிறது, எந்த லைனில் பெண்கள் இருட்டில் காட்டெருமைக்குப் பயந்துகொண்டே கழிப்பறைக்கு நடக்கிறார்கள் என்பது இலை பறித்த உங்களுக்குத் தெரிந்த அளவு அந்த அறையில் யாருக்குத் தெரியும்? அதில் ஒன்றை மட்டும் எடுத்து, இடத்தின் பெயரோடு மனுவாக எழுதி, செயல் அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அடுத்த கூட்டத்தின் பொருள் பட்டியலில் அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த லைன் பெண்கள் நாலைந்து பேரையும் மனுவில் கையெழுத்துப் போட வையுங்கள். கூட்டம் முடிந்ததும் என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.