வீட்டை விற்று அமெரிக்கா போகலாமா?

நலம் கேளுங்கள்: பதில் சொல்பவர், மும்பை குடிசைப் பகுதிகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர்

கேள்வி: என் மாமியாருக்கு வயது 58. மார்பில் கட்டி இருக்கிறது. வலி இல்லை என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார். நியூஜெர்சியில் இருக்கும் என் கொழுந்தன், "இந்தியா ஏழை நாடு, கேன்சர் வந்தால் இங்கேதான் பிழைக்க முடியும்" என்கிறார். செம்பூர் ஃப்ளாட்டை விற்று அங்கே அழைத்துப் போகலாமா?
- வாசகி, செம்பூர்

பதில்: விற்க வேண்டாம் அம்மா. இந்த வாரமே மாமியாரைப் பரேல் டாட்டா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். ஃப்ளாட் விலை படிந்து, விசா கிடைப்பதற்குள் எத்தனை மாதம் போகுமோ! எல்லாக் கட்டியும் கேன்சர் இல்லை. ஆனால் மார்பகக் கேன்சர் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலி இல்லாததை நல்ல அறிகுறியாக நினைத்துவிடாதீர்கள்.

கொழுந்தன் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2022-ல் அமெரிக்காவில் சுமார் 24 லட்சம் பேருக்குப் புதிதாகக் கேன்சர் கண்டறியப்பட்டது. இறந்தவர்கள் சுமார் 6 லட்சம். இந்தியாவில் கண்டறியப்பட்டது சுமார் 14 லட்சம் பேருக்கு; இறந்தவர்கள் 9 லட்சத்துக்கும் மேல். மார்பகக் கேன்சர் பற்றி உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இன்னும் கொடுமை. மிகவும் முன்னேறிய நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு அது வருகிறது, 71 பேரில் ஒருவர் அதனால் இறக்கிறார். பின்தங்கிய நாடுகளில் வருவது 27 பேரில் ஒருவருக்குத்தான். இறப்பதோ 48 பேரில் ஒருவர். குறைவாக வந்து அதிகமாகக் கொல்கிறது. எழுதும்போதே வயிறு எரிகிறது.

ஏன் இந்த வித்தியாசம்? அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் பரேலிலும் உண்டு. ஆனால் அமெரிக்காவில் கட்டி சிறியதாக இருக்கும்போதே பார்த்துவிடுகிறார்கள். நான் வேலை பார்த்த சால்களில் (வரிசை வீட்டுக் குடியிருப்புகளில்) தோல் புண்ணான பிறகுதான் காட்டுவார்கள். கேட்டால், "பொண்ணு பரீட்சை முடியட்டும்னு இருந்தேன் சிஸ்டர்" என்பார்கள். அப்புறம் செலவு. 2021-22 கணக்குப்படி நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 100-க்கு 39 ரூபாய் மக்கள் கையிலிருந்தே போனது. வாரக்கணக்கில் தினமும் கதிர்வீச்சு என்றால், அறை வாடகையும் துணைக்கு வருபவரின் கூலி நஷ்டமும் எந்த பில்லிலும் வராது. பாதியில் நிறுத்திவிட்டு ஊருக்கு ரயிலேறியவர்களை எனக்குத் தெரியும்.

போகும்போது ரேஷன் கார்டு, ஆதார் இரண்டையும் எடுத்துப் போங்கள். மகாராஷ்டிர அரசின் மருத்துவ உதவித் திட்டமான மகாத்மா புலே திட்டத்தில் உதவி கிடைக்குமா என்று ஆஸ்பத்திரியின் சமூக சேவைப் பிரிவில் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் நாடு பணக்கார நாடாகும்வரை நமக்கு விடிவில்லையா?
- வாசகர், தாராவி

பதில்: அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம் தம்பி. அரசு இன்னும் அதிகமாக ஒதுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு அளவுக்கு மேல் பணத்தைக் கொட்டினாலும் பலன் அதற்கேற்பக் கூடுவதில்லை. கேன்சருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று பார்த்தால் அமெரிக்காதான் மிக அதிகம் செலவிடுகிறது. குறைவாகச் செலவிடும் ஜப்பானிலும் ஃபின்லாந்திலும் கேன்சர் இறப்பு விகிதம் அதைவிடக் குறைவு. தென்கொரியாவில் தைராய்டு ஸ்கேன் பரவியதும், கண்டறியப்பட்ட தைராய்டு கேன்சர் 1993-ஐவிட 2011-ல் 15 மடங்கு ஆனது. ஆனால் அந்தக் கேன்சரால் இறந்தவர்கள் எண்ணிக்கை மாறவே இல்லை.

நம் மும்பையைப் பாருங்கள். 1998-ல் டாட்டா மெமோரியல் தொடங்கிய ஆய்வில் குடிசைப் பகுதிகளின் ஒன்றரை லட்சம் பெண்கள் இருந்தார்கள். பத்தாம் வகுப்பு படித்த பெண்களுக்கு நான்கு வாரம் பயிற்சி. கையில் வினிகர், டார்ச் மாதிரி ஒரு விளக்கு. கர்ப்பப்பை வாயில் வினிகர் தடவினால் மாறுதல் உள்ள இடம் வெளுக்கும். லேப் தேவையில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இப்படிப் பார்த்ததில், கர்ப்பப்பை வாய் கேன்சர் இறப்பு 31 சதவீதம் குறைந்தது. திண்டுக்கல்லில் நடந்த இதே போன்ற ஆய்விலும் 35 சதவீதம் குறைந்தது.

இவ்வளவு மலிவாக முடியும் என்று தெரிந்த பிறகும், 2019-21 குடும்ப நல ஆய்வில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 2 பேர்கூட கர்ப்பப்பை வாய் கேன்சர் சோதனை செய்துகொண்டிருக்கவில்லை. எனக்குக் கோபம் வருவது இதில்தான். 30 வயதைத் தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றையும் பரிசோதிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் திட்டம். உங்கள் பகுதி முனிசிபல் டிஸ்பென்சரியில் எந்தக் கிழமை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். பார்ப்பதில்லை என்றால், ஏன் என்று வார்டு ஆபீசுக்கு எழுத்தில் கொடுங்கள். தெருப் பெண்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்.