ஆபீஸ் போன் கேள்வி–பதில்: வாய்ஸ்மெயில் பெட்டி

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, ஆஸ்டெரிஸ்க் மென்பொருளின் மேல் ஓடும் ஃப்ரீபிபிஎக்ஸ் (அலுவலகத்தின் உள் போன் இணைப்பகமான பிபிஎக்ஸைக் கணினியில் நடத்தும் மென்பொருள்) வைத்திருக்கும் அலுவலகங்களிலிருந்து வந்தவை. அதனால் கீழே வரும் மெனு பெயர்களும் பட்டன் எண்களும் அதற்கே பொருந்தும்.

எங்கள் ஏற்றுமதி அலுவலகத்தில் 14 எக்ஸ்டென்ஷன்கள் (உள் போன் எண்கள்). இப்போதுதான் முதன்முறையாக வாய்ஸ்மெயில் போடப்போகிறோம். எதிலிருந்து தொடங்குவது?
– வாசகர், திருப்பூர்

யாருக்குப் பெட்டி வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தினமும் எடுத்துக் கேட்பவருக்கு மட்டும் கொடுங்கள். பேக்கிங், ஸ்டோர் மாதிரி பலர் மாறி மாறி எடுக்கும் போன்களுக்குத் தனிப் பெட்டி வேண்டாம். கேட்க ஆளில்லாமல் அப்படியே கிடக்கும். ஆர்டர் சொன்னவர் சொல்லிவிட்டோம் என்று நம்பியிருப்பார், இங்கே யாருக்கும் தெரியாது.

'எக்ஸ்டென்ஷன்ஸ்' பக்கத்தில் அந்த எண்ணைத் திறந்து, 'வாய்ஸ்மெயில்' தாவலில் 'எனேபிள்ட்' என்பதற்கு 'யெஸ்' கொடுங்கள். பாஸ்வேர்டு வெறும் இலக்கங்களாக, குறைந்தது 6 இலக்கமாக இருக்கட்டும். 'சப்மிட்' அழுத்தியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மேலே சிவப்பாக வரும் 'அப்ளை கான்ஃபிக்' பட்டனையும் அழுத்தினால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும்.

மீதி வேலை அந்த எக்ஸ்டென்ஷனுக்கு உரியவருடையது. தன் போனிலிருந்து *97 அடித்து, பாஸ்வேர்டு கொடுத்து, 0 அழுத்தச் சொல்லுங்கள். அங்கே 1 'இப்போது எடுக்க முடியவில்லை' அறிவிப்பு, 2 'வேறு அழைப்பில் இருக்கிறார்' அறிவிப்பு, 3 பெயர், 4 தற்காலிக அறிவிப்பு, 5 பாஸ்வேர்டு மாற்றம். பேசி முடித்ததும் ஹாஷ் (#). பிறகு 2 அழுத்திக் கேட்டு, பிடித்திருந்தால் 1 அழுத்தி ஏற்கலாம், இல்லாவிட்டால் 3 அழுத்தி மறுபடி பேசலாம். 1 அழுத்தாமல் போனை வைத்தால் பதிவு சேமிக்கப்படும் என்று நம்பாதீர்கள்.

கடைசியாக ரிங் நேரம். நம் நாட்டில் அழைப்பவர் காதில் விழும் 'ட்ரிங்–ட்ரிங்' ஒரு சுற்று 3 வினாடி: 0.4 ஒலி, 0.2 இடைவெளி, 0.4 ஒலி, 2 வினாடி அமைதி. ஃப்ரீபிபிஎக்ஸ் இயல்பாக வைத்திருக்கும் 15 வினாடி என்றால் ஐந்தே ரிங். மாடியிலிருந்து இறங்கி வந்து எடுப்பவருக்கு அது போதாது, 24 வினாடி வையுங்கள். அதற்கு மேல் போனால் அழைப்பவர் பொறுமையிழந்து வைத்துவிடுவார், பெட்டிக்கே வரமாட்டார்.

வாய்ஸ்மெயில் ஈமெயிலில் வரும்படி வைத்திருந்தோம். டிஸ்க் நிரம்பிவிடக்கூடாது என்று 'டிலீட் வாய்ஸ்மெயில்' வசதியையும் ஆன் செய்தோம். இரண்டு வாடிக்கையாளர்கள் பதிவு செய்ததாகச் சொல்கிறார்கள். மெயிலிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. எங்கே தேடுவது?
– வாசகர், கோயம்புத்தூர்

பெட்டியில் தேடிப் பயனில்லை. 'டிலீட்' ஆனில் இருந்தால், மெயிலை அனுப்பியதும் ஒலிப்பதிவை மெஷின் அழித்துவிடும். இங்கே 'அனுப்பியது' என்பதன் அர்த்தம், அதே மெஷினில் இருக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற தபால் மென்பொருளிடம் ஒப்படைத்தது என்பது மட்டும்தான். உங்கள் இன்பாக்ஸுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஆஸ்டெரிஸ்க் பார்ப்பதே இல்லை. போஸ்ட்ஃபிக்ஸ் கையில் மெயில் மாட்டிக்கொண்டால் ஒலிப்பதிவும் அதனுடனே மாட்டிக்கொள்ளும்.

எனவே இன்றே பார்க்க வேண்டியது போஸ்ட்ஃபிக்ஸின் வரிசையை. அனுப்ப முடியாத மெயிலை அது இயல்பாக 5 நாள் வரை வைத்திருந்து மீண்டும் மீண்டும் முயலும். சர்வரின் கட்டளைத் திரையில் 'மெயில்கியூ' (mailq) கட்டளை கொடுத்தால் காத்திருப்பவை எல்லாம் வரிசையாகத் தெரியும். அழைப்பு வந்து 5 நாள் ஆகவில்லை என்றால் பதிவு அங்கே இருக்க வாய்ப்பு உண்டு. எதிர்முனை மறுத்துத் திருப்பி அனுப்பியிருந்தால் நிலைமை மோசம். திரும்பும் கடிதத்தில் மூல மெயில் 50,000 பைட்டைத் தாண்டினால் போஸ்ட்ஃபிக்ஸ் தலைப்பு வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். வேவ் ஒலியில் 50,000 பைட் என்பது 3 வினாடிப் பேச்சு.

ஒலி கிடைக்காவிட்டாலும் 'சிடிஆர் ரிப்போர்ட்ஸ்' பக்கத்தில் அழைத்த எண், தேதி, நேரம் எல்லாம் இருக்கும். அந்த இருவரையும் இன்றே நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

டிஸ்க் பற்றிய பயத்தைக் கணக்கே போக்கிவிடும். வேவ் ஒலியில் வினாடிக்கு 8,000 ஒலி மாதிரி (சாம்பிள்), மாதிரிக்கு 2 பைட். ஒரு நிமிடத்துக்கு 960 கிலோபைட். பெட்டியின் ஒவ்வொரு ஃபோல்டரிலும் இயல்பாக 100 செய்திகள்தான் பிடிக்கும். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என்று வைத்து, 20 பெட்டிகளில் புதிய செய்தி, கேட்ட செய்தி ஃபோல்டர்கள் இரண்டும் நிரம்பி வழிந்தாலும் 4 ஜிபிக்குள் அடங்கிவிடும். 'டிலீட்' வசதியை எல்லாப் பெட்டியிலும் 'நோ' ஆக்குங்கள்.

மெயில் ஏன் போகவில்லை? பெரும்பாலும் இரண்டு காரணம். இணைய நிறுவனம் 25-ஆம் போர்ட்டை அடைத்திருக்கும். அல்லது அனுப்புநர் முகவரி 'ரூட்' என்று தொடங்கும் ஏதோ உள்ளூர் முகவரியாக இருக்கும். அதை ஜிமெயில் நம்பாது. அலுவலகத்தின் ஒரு மெயில் கணக்கு வழியாக 587-ஆம் போர்ட்டில் அனுப்பும்படி போஸ்ட்ஃபிக்ஸை மாற்றுங்கள்; அனுப்புநர் முகவரியும் அதே கணக்காக இருக்கட்டும். ஜிமெயில் என்றால் வழக்கமான பாஸ்வேர்டு செல்லாது. இரண்டு கட்டச் சரிபார்ப்பை ஆன் செய்து, 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்டு' எடுத்து அதைக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஒலி வடிவங்களின் பட்டியலில் முதலில் இருப்பதுதான் மெயிலில் இணைக்கப்படும். முதலில் 'வேவ்49' இருந்தால் நிமிடத்துக்கு 100 கிலோபைட்டுக்குள் சுருங்கிவிடும், ஆனால் பல மொபைல்களில் அது திறக்காது. சாதாரண 'வேவ்' முதலில் இருப்பதே நல்லது.

பழைய தரைவழி லைன் இரண்டு வைத்திருக்கிறோம். அவற்றில் வரும் வாய்ஸ்மெயில் எல்லாம் கடைசியில் நிமிடக்கணக்கில் 'பீப்... பீப்...' என்றே ஓடுகிறது.
– வாசகர், ஈரோடு

அழைத்தவர் எப்போதோ வைத்துவிட்டார், உங்கள் பிபிஎக்ஸுக்கு அது தெரியவில்லை. தரைவழி லைனில் எதிர்முனை வைத்ததைத் தெரிந்துகொள்ளப் பொதுவாக இரண்டு வழி பயன்படும். ஒன்று, எக்ஸ்சேஞ்ச் கம்பியில் பிளஸ்–மைனஸைத் திருப்பிக் காட்டும் 'போலாரிட்டி ரிவர்சல்'. அது இல்லையென்றால் பிஸி டோனை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். டோனை அடையாளம் காணாவிட்டால் அதுவும் பேச்சுதான் என்று மெஷின் பதிவு செய்துகொண்டே போகும். அமைதி வந்தால் நிறுத்தும் வசதியும் உதவாது, டோன் அமைதி இல்லையே!

முதலில் எக்ஸ்சேஞ்சில் அந்த லைனுக்குப் போலாரிட்டி ரிவர்சல் கேளுங்கள். கிடைத்தால், லைனை சர்வரில் இணைக்கும் அட்டையின் அமைப்பில் 'ஹேங்கப் ஆன் போலாரிட்டி ஸ்விட்ச்' என்பதை 'யெஸ்' ஆக்கினால் போதும், தொல்லை தீர்ந்தது.

கிடைக்காவிட்டால் 'பிஸி டிடெக்ட்' ஆன் செய்யுங்கள். இங்கே நம் டோனின் அளவு முக்கியம். இந்தியப் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், 0.75 வினாடி ஒலி, 0.75 வினாடி அமைதி. அமெரிக்க டோன் அரை அரை வினாடி. நாட்டுக் குறியீட்டை மாற்றாமல் அமெரிக்க அமைப்பிலேயே விட்டிருந்தால் தாளம் பொருந்தாது. 'பிஸி பேட்டர்ன்' என்பதில் 750, 750 என்று கொடுங்கள். எத்தனை சுற்றுக்குப் பிறகு துண்டிப்பது என்பதற்கு 4 வையுங்கள், அதாவது 6 வினாடியில் துண்டித்துவிடும். 2 என்று குறைத்தால், பேசிக்கொண்டிருக்கும்போதே சிலர் குரலை டோன் என்று நினைத்து வெட்டிவிடும்.

கூடவே ஒரு செய்தியின் உச்ச நேரத்தை 120 வினாடியாக வையுங்கள். குறைந்தபட்ச நேரம், பதிவை நிறுத்தும் அமைதி நேரத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அமைதிக்கு 5 என்றால் குறைந்தபட்சம் 6. தலைகீழாக இருந்தால் வெறும் அமைதி மட்டும் பதிவான செய்திகள் பெட்டியை அடைக்கும்.

எல்லாச் செய்தியையும் கேட்டுவிட்டேன். போனில் சிவப்பு விளக்கு அணைய மாட்டேன் என்கிறது.
– வாசகி, மதுரை

கேட்ட செய்திகள் 'ஓல்ட்' என்ற ஃபோல்டருக்குப் போகும். அங்கேயும் 100 ஆகிவிட்டால் இடமில்லாமல், கேட்ட செய்தி புதியவற்றோடே தங்கிவிடும்; விளக்கும் எரியும். *97 அடித்து, 2 அழுத்தி, பழைய ஃபோல்டருக்குப் போய், ஒவ்வொன்றையும் 7 அழுத்தி நீக்குங்கள்.

அதுவும் இல்லையென்றால், யாராவது சர்வரில் நேரடியாக ஃபைல்களை அழித்திருக்க வேண்டும். அப்படி அழித்தால் ஆஸ்டெரிஸ்குக்குத் தகவல் போகாது. 'போல் மெயில்பாக்ஸஸ்' என்பதை 'யெஸ்' ஆக்கினால் 30 வினாடிக்கு ஒருமுறை அதுவே எண்ணிப் பார்த்துக்கொள்ளும். ஆனாலும் ஃபைலைக் கையால் அழிக்கும் பழக்கத்தை விட்டுவிடச் சொல்லுங்கள்.

பாஸ்வேர்டு நினைவில் இருக்க, எல்லோருக்கும் எக்ஸ்டென்ஷன் எண்ணையே பாஸ்வேர்டாக வைத்தோம். தவறா?
– வாசகர், சேலம்

தவறுதான், இன்றே மாற்றுங்கள். உங்கள் அறிவிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து அழைப்பவர் ஸ்டார் அழுத்தினால் பாஸ்வேர்டு கேட்கும் இடத்துக்கே போய்விட முடியும். 101-க்கு 101 என்பது யாரும் முதலில் முயலும் எண். உள்ளே வந்தவர் செய்திகளைக் கேட்கலாம், அழிக்கலாம். பெட்டியிலிருந்து வெளியே டயல் செய்யும் வசதி திறந்திருந்தால் உங்கள் செலவில் வெளிநாட்டுக்கும் பேசலாம். 'டிஸேபிள் ஸ்டார் இன் வாய்ஸ்மெயில் மெனு' என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். வெளியிலிருந்து கேட்க வேண்டியவர்களுக்கு மட்டும் அதைத் திறந்து, நீளமான பாஸ்வேர்டு கொடுங்கள்.

சரியான பாஸ்வேர்டு அடித்தாலும் தவறு என்கிறது. ஒரே ஒரு போனில் மட்டும்.
– வாசகர், திருச்சி

அந்தப் போனின் பட்டன் ஒலி சர்வருக்குச் சரியாகப் போகவில்லை. போனின் அமைப்பில் 'டிடிஎம்எஃப்' (பட்டன் ஒலியை அனுப்பும்) முறை 'இன்பேண்ட்' என்று இருக்கும். அதை 'ஆர்எஃப்சி 2833' (சில போன்களில் 4733) ஆக்குங்கள். இன்பேண்டில் பட்டன் ஒலி குரலோடு சேர்ந்தே போகும், ஜி.729 போன்ற சுருக்கும் முறைகளில் அது சிதைந்துவிடும்.

எடுக்காத அழைப்பு மொபைலுக்குப் போகும்படி செய்திருக்கிறோம். அதன் பிறகு ஆபீஸ் வாய்ஸ்மெயிலுக்கு ஒன்றுகூட வரவில்லை.
– வாசகி, புதுச்சேரி

மொபைலுக்குப் போகும் அழைப்பு தரைவழி லைன் வழியாக வெளியேறுகிறதா? அப்படியென்றால் எண்ணை டயல் செய்து முடித்த நொடியிலேயே 'எடுத்துவிட்டார்கள்' என்று பிபிஎக்ஸ் கணக்கு வைத்துக்கொள்ளும். போலாரிட்டி ரிவர்சல் இல்லாத லைனில் அதற்கு வேறு தகவல் கிடைப்பதில்லை. எடுத்தாயிற்று என்று நினைத்த பிறகு வாய்ஸ்மெயிலுக்கு ஏன் போகப்போகிறது? அந்த அழைப்புகளை இணையம் வழியாகப் பேசும் எஸ்ஐபி லைன் வழியாக வெளியே விடுங்கள்.

எஸ்ஐபி லைனிலும் இதே தொல்லை என்றால், மொபைலின் சொந்த வாய்ஸ்மெயிலோ வேறொரு ஃபார்வேர்டோ அழைப்பை எடுத்துக்கொள்கிறது. 'ஃபாலோ மீ' பக்கத்தில் 'கன்ஃபர்ம் கால்ஸ்' ஆன் செய்யுங்கள். எடுத்தவர் 1 அழுத்தினால்தான் இணைப்பு கிடைக்கும். இயந்திரம் 1 அழுத்தாது, அழைப்பு உங்கள் பெட்டிக்குத் திரும்பி வரும்.

தமிழில் அறிவிப்பு வைத்தோம். அது முடிந்ததும் ஆங்கிலத்தில் ஓர் அம்மா ஏதோ சொல்கிறார். எங்கள் வாடிக்கையாளர்கள் குழம்பிப்போய் வைத்துவிடுகிறார்கள்.
– வாசகர், தஞ்சாவூர்

'டோனுக்குப் பிறகு பேசுங்கள்' என்ற வழிமுறைதான் அது. 'வாய்ஸ்மெயில் அட்மின்' பகுதியில் அதை ஒலிக்க வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கலாம். எடுத்துவிட்டால் அந்த வழிமுறையை உங்கள் அறிவிப்பே சொல்ல வேண்டும். இப்படி வைத்துப் பாருங்கள்:

"வணக்கம். உரக்கடை அலுவலகம். இப்போது போனை எடுக்க முடியவில்லை. பீப் சத்தம் கேட்டதும் உங்கள் பெயர், ஊர், போன் நம்பர் மூன்றையும் சொல்லுங்கள். இன்று மாலை ஆறு மணிக்குள் நாங்களே கூப்பிடுகிறோம்."

நிதானமாகப் பேசினாலும் கால் நிமிடத்தைத் தாண்டாது. நேரம் சொன்னால் அந்த நேரத்தைக் காப்பாற்றியாக வேண்டும். முடியாதென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

ஸ்டுடியோவில் பதிவு செய்து ஏற்றுவதானால் 8,000 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் ஃபைலாக மாற்றிக்கொடுங்கள். பின்னணி இசை வேண்டாம், போனில் அது இரைச்சலாகத்தான் கேட்கும்.

\*98 அடித்தால் 'காமெடியன் மெயில்' என்கிறதே, யாராவது விளையாடுகிறார்களா?
– வாசகர், நாகர்கோவில்

யாரும் விளையாடவில்லை. ஆஸ்டெரிஸ்கின் வாய்ஸ்மெயில் பகுதிக்குப் பெயரே அதுதான். நார்டெல் நிறுவனத்தின் 'மெரிடியன் மெயில்' பெயரை ஒட்டி வைத்தது. எந்தப் போனிலிருந்தும் யார் பெட்டியையும் திறக்க உதவுவது *98. அதனால்தான் முதலில் பெட்டி எண்ணைக் கேட்கிறது. *97 உங்கள் சொந்தப் பெட்டிக்கு.

பொங்கல் விடுமுறைக்குத் தனி அறிவிப்பு வைத்தோம். விடுமுறை முடிந்து இரண்டு வாரம் கழித்தும் அதுவே ஓடியது. இனி நடக்காமல் இருக்க?
– வாசகி, விருதுநகர்

தற்காலிக அறிவிப்பு இருக்கும்வரை மற்ற இரண்டையும் அது மறைத்துவிடும். *97, 0, 4 என்று போய் நீக்கும்வரை தானாகப் போகாது. 'டெம்ப் கிரீட் வார்ன்' என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் தற்காலிக அறிவிப்பு இன்னும் இருக்கிறது என்று அது நினைவூட்டும். அறிவிப்பிலேயே 'பதினெட்டாம் தேதி முதல் அலுவலகம் திறந்திருக்கும்' என்று தேதியையும் சொல்லிவிடுங்கள். நீக்க மறந்தாலும் கேட்பவருக்குக் குழப்பம் குறையும்.

வேலையை விட்டுப் போனவரின் எக்ஸ்டென்ஷனை நீக்கலாமா?
– வாசகர், ஓசூர்

உடனே வேண்டாம். முதலில் பாஸ்வேர்டையும் மெயில் முகவரியையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வாடிக்கையாளர் பேசுவது போனவரின் மெயிலுக்கே போய்க்கொண்டிருக்கும். இருக்கும் செய்திகளைக் கேட்டு, தேவையானவற்றை 8 அழுத்தி அவர் இடத்துக்கு வந்தவரின் பெட்டிக்கு அனுப்புங்கள். யாரை அழைக்க வேண்டும் என்று தற்காலிக அறிவிப்பு ஒன்று வைத்து, அந்த எண்ணுக்கு அழைப்பு வருவது நிற்கும்வரை பெட்டியைத் திறந்தே வையுங்கள். நீக்கும் நாளில் அந்த எக்ஸ்டென்ஷனின் வாய்ஸ்மெயில் ஃபோல்டரை முழுதாக வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்துக்கொண்டு, அதன் பிறகு எண்ணை நீக்குங்கள்.