தூரிகையும் உளியும்: வாசகர் கேள்விகள்

ஓவியத்தையும் அச்சோவியத்தையும் பிழைப்பாக எடுத்துக்கொண்டவர்கள் இம்முறை நிறையவே எழுதியிருக்கிறார்கள். பாதிக் கடிதங்கள் காசைப் பற்றியவை, மீதி ஈரத்தைப் பற்றியவை. சிங்கப்பூரில் இரண்டுமே தலைவலிதான்.

ஏ3 அளவில் லினோ (உளியால் செதுக்கும் மென்தகடு) அச்சு, மொத்தம் 30 படிகள். நண்பர்கள் ஒரு படிக்கு 40 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போதும் என்கிறார்கள். கேலரியோ விற்ற விலையில் பாதி தனக்கு என்கிறது. எவ்வளவுதான் வைப்பது?
வாசகி, பொங்கோல்

நண்பர்கள் சொல்வதை விட்டுவிட்டு ஒரு தாளை எடுங்கள். எண்கள் ஆளுக்கு ஆள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

முப்பது நல்ல படி வேண்டுமென்றால் 36 தாள் வெட்ட வேண்டும், ஆறு வீணாகும். தாள் ஒன்றுக்கு 4 வெள்ளி என்றால் 144. லினோ 25, மை 20, உறையும் அட்டையும் 45. பொருள் செலவு 234 வெள்ளி. அடுத்தது உங்கள் நேரம். வரைந்து செதுக்க 18 மணி, அச்சடிக்க 10, சரிபார்த்துக் கையெழுத்திட்டுக் கட்டிவைக்க 4. ஆக 32 மணி நேரம். மணிக்கு 25 வெள்ளி என்றால் 800. சந்தையில் கடை போட்ட வாடகை, உளி தீட்டிய செலவு போன்றவற்றில் இந்தப் படைப்பின் பங்காக ஒரு 200 சேருங்கள். மொத்தம் 1,234.

இதை முப்பதால் வகுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முப்பதும் உடனே விற்காது. முதல் இரண்டு ஆண்டில் இருபது போகும் என்று வைத்துக்கொண்டால் ஒரு படிக்கு உங்கள் கைக்கு ஏறத்தாழ 62 வெள்ளி வந்தாக வேண்டும். கேலரி பாதி எடுத்தால் விலை 124 என்று தோன்றும். ஆனால் ஜிஎஸ்டி பதிவு பெற்ற கேலரி தன் கமிஷன்மேல் 9% வரியும் பிடிக்கலாம். 140 வெள்ளிக்கு விற்றால் கமிஷன் 70, அதன்மேல் வரி 6.30, உங்களுக்கு 63.70. இருபது படிக்கு 1,274. இப்போதுதான் கணக்கு நேராகிறது. கமிஷன் வரியோடு சேர்த்தா, வரி தனியா என்பதைக் கையெழுத்திடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நண்பர்கள் சொன்ன 40 வெள்ளிக்கு முப்பதையும் கேலரி வழியாக விற்றுத் தீர்த்தாலும், கமிஷன்மேல் வரி இல்லையென்றால்கூட, கைக்கு வருவது 600. உங்கள் நேரத்தைச் சேர்க்காத செலவு 434 போக மிஞ்சுவது 166. மணிக்கு 5 வெள்ளி சொச்சம்!

இன்னொன்று. கேலரியில் 140, சந்தைக் கடையில் 90 என்று வைக்காதீர்கள். வாங்கியவர் ஒருநாள் அந்தக் கடைப்பக்கம் வருவார். கேலரி அதற்கு முன்பே வந்துவிடும். நேரடி விற்பனையில் மிஞ்சும் பணம், கேலரி செய்யும் வேலையை நீங்களே செய்ததற்கான கூலி. மீதமுள்ள படிகள் குறையக் குறைய விலையை ஏற்றுவது வழக்கம்தான். பத்துப் படி போனதும் 160 என்று முதலிலேயே அறிவித்துவிட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

எண்ணெய் மையில் அச்சடித்து இரண்டு வாரம் ஆகிறது. தொட்டால் இன்னும் விரலில் ஒட்டுகிறது. ஈரப்பதம்தான் காரணமா?
வாசகர், ஈசூன்

ஓரளவுதான். ஆளிவிதை எண்ணெய் மை நீர்போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி இறுகுகிறது. ஈரக் காற்று அதைத் தாமதப்படுத்தும், குளிரூட்டிய அறையும்தான். ஆனால் இரண்டு வாரம் என்றால் பெரும்பாலும் குற்றவாளி மையின் கனம்.

கண்ணாடிமேல் மையை உருட்டும்போது காதைக் கொடுங்கள். மெல்லிய ‘ஸ்ஸ்’ வந்தால் அளவு சரி. ‘பச்சக் பச்சக்’ என்று ஒட்டிப் பிரியும் சத்தம் வந்தால் அதிகம். பரப்பையும் பாருங்கள்: பட்டுத்துணிபோல நுண்ணிய மினுமினுப்பு இருக்க வேண்டும், ஆரஞ்சுத் தோலாகப் புள்ளிபுள்ளியாக எழும்பியிருந்தால் கத்தியால் பாதியை வழித்தெடுங்கள். கனத்த மை நுண்கோடுகளையும் அடைத்துவிடும். அச்சு வெளுப்பாக வந்தால் மையைக் கூட்டுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை ஏற்றுங்கள், அல்லது தாளை மாற்றுங்கள். கையால் தேய்த்து அச்சடிப்பவருக்கு 250 கிராம் பருத்தித் தாள் சரிப்படாது, அதற்கு அழுத்து இயந்திரம் வேண்டும். மெல்லிய கோசோ அல்லது ஹோஷோ எனும் ஜப்பானியத் தாளில் பாரன் (தேய்க்கும் வட்டத் திண்டு) கொண்டோ, மரக்கரண்டியின் முதுகாலோ தேய்த்தால் குறைந்த மையிலேயே கறுப்பு ஏறும்.

அடுத்தது நிறம். கரிக் கறுப்பு இயல்பிலேயே மெதுவாகக் காயும். அம்பர் பழுப்பில் மாங்கனீசு இருப்பதால் அது முந்திக்கொள்ளும். கறுப்புக்குக் கோபால்ட் உலர்த்தி சேர்க்கலாம், எடையில் 1 முதல் 2% வரை. 20 கிராம் மைக்கு அரை கிராமுக்கும் கீழே, ஊசிமுனையில் தொட்டதுபோலத்தான். கொஞ்சம் கூட ஊற்றினால் மேலே தோல் கட்டிவிடும், அடியில் ஈரம் மாதக்கணக்கில் நிற்கும். கையுறை போட்டுக்கொண்டு கலக்குங்கள், அன்றைய தேவைக்கு மட்டும்.

காயும்போது தாள்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக்கூடாது. கயிறு கட்டிக் கிளிப்பில் தொங்கவிட்டு, மின்விசிறியைத் தாளை நோக்கி வைக்காமல் சுவரை நோக்கித் திருப்பி வையுங்கள், அறைக் காற்று சுழன்றால் போதும். இப்போது ஒட்டிக்கொண்டிருக்கும் படிகளுக்கு இன்னும் இரண்டு வாரம் அப்படியே காற்றாட விடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மக்னீசியம் கார்பனேட் தூளை மென்தூரிகையால் லேசாகத் தடவித் தட்டிவிடலாம். ஒட்டு போகும், பளபளப்பும் கொஞ்சம் போகும். வீணான படி ஒன்றில் முதலில் செய்து பாருங்கள்.

ஒரே கட்டையை மேலும் மேலும் செதுக்கிக் குறைத்து நிறத்துக்கு நிறம் ஏற்றும் முறையில் அடிப்பவர்களுக்கு இது இன்னும் கடுமை. முதல் மூன்று நிறம் கனமாக இருந்தால் நான்காவது நிறம் வழுக்கும், தாள் மையை உறிஞ்ச வழியில்லை. நிறத்துக்கு நிறம் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். இந்த முறையில் கட்டை திரும்பி வராது என்பதால் வீண்படிக் கணக்கையும் கால் பங்காவது கூட்டுங்கள்.

எண்ணெய் மை துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேறாமல் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.

டேப்லட்டில் வரைந்ததை நல்ல தாளில் இங்க்ஜெட்டில் எடுத்து 1/50 என்று எண் போடலாமா? அச்சு என்றாலே போஸ்டர்தானே என்று வீட்டிலும் கேட்கிறார்கள்.
வாசகி, தெம்பனிஸ்

போடலாம், 50க்குமேல் எடுக்கமாட்டீர்கள் என்றால். ஆனால் பின்பக்கத்திலோ சான்றிதழிலோ ‘இங்க்ஜெட் அச்சு’ என்று எழுதிவிடுங்கள். அக்ரிலிக் ஓவியம் ஒன்றைப் படமெடுத்து அச்சடித்தால் அது நகல், அப்படியே சொல்லி விற்க வேண்டும். ‘வேறு அளவில் இன்னொரு 50’ என்று பிறகு ஆரம்பிப்பதுதான் சந்தையில் பெயரைக் கெடுக்கும்.

எண் இடது கீழே, தலைப்பு நடுவில், கையெழுத்து வலது கீழே, எல்லாம் பென்சிலில். பேனா மை நாளாவட்டத்தில் வெளுக்கும், தாளில் கசியும். ஓவியர் படிகள் (எண்ணிட்ட படிகளுக்கு வெளியே ஓவியர் தனக்கென வைத்துக்கொள்பவை) பத்தில் ஒரு பங்குக்குமேல் வேண்டாம். 30 படிக்கு மூன்று. எந்த எண் யாரிடம், எந்தத் தேதியில், என்ன விலைக்குப் போனது என்று ஒரு நோட்டு வையுங்கள்.

வீட்டாரைத் தேசியக் கலைக்கூடத்துக்கு அழைத்துப் போங்கள். 1961இல் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ விட்டுச்சென்ற கோலத்தை லிம் இயூ குவான் மரத்தில் செதுக்கிய அச்சு அங்குள்ள தொகுப்பில் இருக்கிறது. 1966இல் ஆறு ஓவியர்கள் சேர்ந்து மரச்செதுக்கு அச்சுக்கென்றே இங்கே கண்காட்சி நடத்தினார்கள். ராபர்ட்சன் கீயில் 2002இல் திறந்த எஸ்டிபிஐ கலைக்கூடத்தில் பெரிய அச்சுக்கூடமே இயங்குகிறது. போஸ்டர் பேச்சு அதோடு அடங்கும்.

ஒரு நிறுவனத்துக்குத் தீபாவளி வாழ்த்து அட்டைக்காக லினோ செதுக்கிக் கொடுத்தேன். அதே படத்தைக் குவளையிலும் பையிலும் போட்டு விற்கிறார்கள். மீதிப் பணமும் வரவில்லை.
வாசகர், ஜூரோங் வெஸ்ட்

முதலில் ஒப்பந்தத்தையோ, அது இல்லையென்றால் மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்திகளையோ எடுத்துப் படியுங்கள். 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்துச் செய்யச் சொன்ன அச்சோவியத்துக்கும் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவரே. முன்பு செதுக்கு அச்சுகள், உருவப்படங்கள், நிழற்படங்கள் ஆகியவற்றின் உரிமை செய்யச் சொன்னவருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் உரிமை அவர்களுக்கு என்று நீங்களே ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் சட்டம் கைகொடுக்காது. அட்டைக்கு மட்டும் என்று பேசியிருந்தால் குவளைக்கும் பைக்கும் தனி உரிமக் கட்டணம் கேளுங்கள். கோபம் வேண்டாம், விலைப்பட்டியலோடு.

பாக்கிப் பணத்துக்குத் தேதி குறித்து ஒரு கடிதம் அனுப்புங்கள். அசையாவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் இசைந்தால் 30,000 வரை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வைக்க முடியாது, அவர்களாலும்தான்.

அடுத்த வேலைக்கு ஒரு பக்கத் தாள் போதும்: எந்தப் பொருளில், எத்தனை காலம் பயன்படுத்தலாம், பாதிப் பணம் முன்பணம், திருத்தம் இரண்டு முறை, மூன்றாவதிலிருந்து கட்டணம், நடுவில் நிறுத்தினால் எவ்வளவு, செதுக்கிய கட்டை உங்களிடமே இருக்கும். கடைசி வரியை எழுத மறந்துவிட்டுக் கட்டையைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அச்சு இயந்திரம் வைத்துத் தொழில் செய்யலாமா? பதிவு, மெடிசேவ் எல்லாம் எப்படி?
வாசகர், செங்காங்

வீட்டிலிருந்தே சிறுதொழில் செய்ய இடமுண்டு, நிபந்தனைகளோடு. வெளியாள் யாரையும் வேலைக்கு வைக்கக்கூடாது, பெயர்ப்பலகை கூடாது, இரைச்சலோ வாடையோ அண்டை வீட்டுக்குப் போகக்கூடாது. லினோவும் மரச்செதுக்கும் இதற்குள் அடங்கும். உலோகத் தகட்டில் அமிலம் கொண்டு அரிக்கும் வேலையை வீட்டில் தொடவே வேண்டாம், கழிவைத் தொட்டியில் ஊற்றவும் முடியாது. மேசைமேல் நிற்கும் சிறிய இயந்திரம் சரி. தரையில் நிற்கும் கனமானது என்றால் வாங்கும் முன் வீவகவிடம் கேளுங்கள்.

அடையாள அட்டையில் உள்ள உங்கள் முழுப்பெயரிலேயே தொழில் செய்தால் தொழில்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவில் பதிவு தேவையில்லை. ஸ்டூடியோ பெயர் வைத்தால் தேவை. செலவு போக நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக்குக் கட்ட வேண்டும். ரசீதுகளை ஐந்து ஆண்டு வைத்திருங்கள். தாள், மை, சந்தை வாடகை எல்லாம் செலவுக் கணக்கில் போகும், நாசி லெமாக் சாப்பாடு போகாது. ஜிஎஸ்டி பதிவு உங்கள் விற்பனை ஆண்டுக்குப் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டும்போதுதான், அப்போது எங்களுக்கும் ஒரு படி அனுப்புங்கள்.

விற்ற படியில் ஓராண்டுக்குள் பழுப்புப் புள்ளி வந்துவிட்டது என்று வாங்கியவர் திருப்பித் தருகிறார்.
வாசகி, பிடோக்

புள்ளிக்குக் காரணம் பெரும்பாலும் பூஞ்சை, அல்லது மலிவான பின்அட்டையின் அமிலம். படச்சட்டத்தைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடி தாளைத் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஈரம் தங்கியிருக்கும். அமிலமற்ற ஜன்னல் அட்டை (படம் தெரிய நடுவே வெட்டிய அட்டை) வைத்து இடைவெளி விட வேண்டும். தாளின் மேல் விளிம்பை மட்டும் ஜப்பானியத் தாள் துண்டு, கோதுமைப் பசை கொண்டு ஒட்ட வேண்டும். செல்லோடேப் ஆகவே ஆகாது, அதன் பசை தாளில் ஊறி மஞ்சளாகும்.

சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் பொத்தான் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். மழை அடிக்கும் வெளிச்சுவரிலும் குளியலறைக்கு எதிரிலும் மாட்டவேண்டாம். விற்காத படிகளை 50 முதல் 60% ஈரப்பதத்தில் வையுங்கள். கேமராவுக்கு விற்கும் உலர்பெட்டி சிறிய அளவுகளுக்குப் போதும், பெரியவற்றுக்கு இறுக்கமான பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு ஓர் ஈரமானியையும் போட்டுவிடுங்கள். திரும்பி வந்த படியின் எண்ணைக் கையிருப்பிலுள்ள இன்னொரு எண் படியில் எழுதிக் கொடுக்காதீர்கள். அதே எண்ணுக்கு மாற்றுப் படி அடித்துக் கொடுத்து, பழையதை அவர் முன்னிலையிலேயே கிழித்து நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை விற்கும்போது எங்கே மாட்டக்கூடாது என்று நான்கு வரியில் ஒரு சீட்டை உறைக்குள் வைத்துவிடுங்கள்.