புதுப்பிக்கப் புதுப்பிக்க வட்டி ஏறும் கடன்

கேள்வி: செயலி வழியாக டெலிவரி ஓட்டுகிறேன். மாதம் 100 வந்தால் பெட்ரோலுக்கு 25 போகிறது, வீட்டுக்கு 65 கொடுக்கிறேன். 10 மிஞ்ச வேண்டும், மிஞ்சுவதில்லை. செயலியிலேயே தரும் தினப்பிடித்தக் கடனை நான்காவது முறையாகப் புதுப்பித்திருக்கிறேன். ஒவ்வொரு 100 கடனுக்கும் 90 கையில் தருவார்கள். நாளுக்கு 1 வீதம் 100 நாள் பிடிப்பார்கள். இன்னும் இரண்டு மணி நேரம் கூட ஓடினால் சரியாகிவிடுமா? கிரிப்டோவில் கொஞ்சம் போடலாமா?

பதில்: கிரிப்டோ பேச்சே இப்போது வேண்டாம். உங்கள் கடனுக்கு வட்டி 10 சதவீதம் என்று நினைக்கிறீர்கள். அசல் தினமும் குறைவதால், சராசரியாக உங்களிடம் நிற்பது 45 சொச்சம்தான். அதற்கு 100 நாளில் 10 கட்டணம் என்றால், ஆண்டுக்கு 75 சதவீதத்தைத் தாண்டுகிறது.

புதுப்பிப்பது இன்னும் மோசம். 60ஆம் நாளில் 40 பாக்கி நிற்கும்போது மறுபடி 100 எடுத்தால், பாக்கி 40, கட்டணம் 10 போக, 50தான் கைக்கு வரும். பழைய 40க்கு முன்பே கட்டணம் கட்டியாயிற்று. அதற்கே மறுபடியும் கட்டுகிறீர்கள். அதாவது 50 புதுப் பணத்துக்குக் கட்டணம் 10.

பற்றாக்குறை வண்டியில் இருக்கிறது. டயர், ஆயில், பிரேக்குக்கு 8, காப்பீடு, போன் செலவுக்கு 5, நாளை வேறு வண்டி வாங்க 10 என்று வையுங்கள். பெட்ரோல் போக நிற்கும் 75இல் இந்த 23 போனால் 52. வீட்டுக்குத் தருவதோ 65. அந்த 13ஐத்தான் கடன் நிரப்புகிறது.

கூடுதல் நேரம் ஓடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஊக்கத்தொகை அறிவித்த நேரத்தில் எல்லோரும்தான் உள்ளே வருவார்கள். ஆர்டர் சிதறும், காத்திருப்பு நீளும். லாகின் செய்ததிலிருந்து மணிக்கு என்ன நின்றது என்று பாருங்கள். (2021இல் ஊபர் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், ஆர்டர் ஏற்கத் தயாராகக் காத்திருக்கும் நேரத்தையும் வேலை நேரமாகவே எடுத்துக்கொண்டது.) தினப்பிடித்தம் இருக்கும்வரை, கட்டுப்படியாகாத ஆர்டரையும் தள்ள முடியாது.

இந்தக் கடனை 100ஆம் நாள் வரை ஓடவிட்டு முடியுங்கள். நடுவில் வரும் 'டாப்-அப்' (மறுபடி கடன் எடுக்கச் சொல்லும்) அறிவிப்பைத் தொடாதீர்கள். பணம் வரும் நாளிலேயே 18ஐ (பராமரிப்புக்கு 8, அடுத்த வண்டிக்கு 10) வேறு கணக்குக்கு மாற்றுங்கள், அது வண்டிக்கு. வீட்டுக்கான தொகையைக் கடந்த ஆறு மாதத்தில் மிகக் குறைவாக வந்த மாதத்தை வைத்து முடிவு செய்யுங்கள். 65, 50 ஆகும். வீட்டில் இந்தக் கணக்கைக் காட்டிவிட்டுப் பேசுங்கள். கடன் முடிந்த பிறகு, அதே தினத்தொகையை உங்களுக்கே 100 நாள் பிடித்து வையுங்கள். அடுத்த முறை வண்டி நின்றால் எடுக்க அதுதான் இருக்கும்.