மறைந்த பங்க் இசைக்கலைஞரின் பெயரில் டி-சர்ட், பை விற்று நிதி திரட்டுவது உண்மையான அஞ்சலிதானா?

கேள்வி கேட்டவருக்கு இரண்டு சந்தேகங்கள். வாழ்நாள் முழுவதும் பணக்காரக் கம்பெனிகளைத் திட்டிப் பாடிய ஒருவரின் பெயரைச் சட்டையில் அச்சடித்து விற்பது முரண் இல்லையா என்பது ஒன்று. ரசிகர்கள் தாங்களாகவே இதைத் தொடங்கினால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பது மற்றொன்று.

அது அஞ்சலிதான் என்று தயக்கமில்லாமல் சொல்வேன். ஆனால் அந்தப் பையைத் தைத்தவருக்கும் அச்சடித்தவருக்கும் முழுக்கூலி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதன் பிறகு மிஞ்சுவதைத்தான் நன்கொடை என்று சொல்ல முடியும். கூலியைக் குறைத்துத் திரட்டிய பணம் எவ்வளவு நல்ல காரியத்துக்குப் போனாலும், குறிப்பாக நான் நேசிக்கிற கலைஞரின் பெயரில் அதைச் செய்வது அவரை அவமதிப்பதுதான்.

நான் கோத்தகிரிப் பக்கம் இருக்கிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் நண்பர்கள் சிலர் கூடி ஜோ ஸ்ட்ரம்மர் நினைவாகத் துணிப்பைகள் அச்சடித்து விற்கிறோம். வருகிற பணத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இசை பழகும் பிள்ளைகளுக்குக் கிட்டார் கம்பிகளும், தோல் கிழிந்த டிரம்களுக்குப் புதுத் தோலும் வாங்குகிறோம். ஆகவே இது வெளியே நின்று சொல்லும் கருத்து இல்லை.

ஸ்ட்ரம்மரைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜான் கிரஹாம் மெல்லர் என்பது இயற்பெயர். 1952 ஆகஸ்ட் 21 அன்று துருக்கியின் அங்காராவில் பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை ஊழியர். அந்தத் தந்தை பிறந்தது நம் லக்னோவில் என்பது பலருக்குத் தெரியாது. 1976-ல் லண்டனில் தொடங்கிய 'தி கிளாஷ்' குழுவின் பாடகர், கிட்டார் கலைஞர். எழுபதுகளில் ராக் இசையிலிருந்து கிளம்பிய பங்க் என்றாலே கூச்சலும் கிழிந்த உடையும்தான் என்று நினைக்கிறவர்கள் இந்தக் குழுவை ஒருமுறை கேட்க வேண்டும். ஜமைக்காவின் ரெகே இசையைப் பங்க் வேகத்துடன் கலந்து, வேலையின்மை, நிறவெறி, போலீஸ் கெடுபிடி என்று தங்கள் தெருவில் நடந்ததைப் பாடினார்கள். 1978 ஏப்ரலில் லண்டன் விக்டோரியா பூங்காவில் நிறவெறிக்கு எதிராக நடந்த பெரிய திறந்தவெளி நிகழ்ச்சியிலும் பாடினார்கள். 2002 டிசம்பர் 22 அன்று, 50 வயதில், ஸ்ட்ரம்மர் இறந்துபோனார். பிறவியிலேயே இதயத்தில் இருந்த ஒரு குறை, கடைசி வரை யாரும் கண்டுபிடிக்காமல் போன குறை, அவர் உயிரைப் பறித்தது.

முரண் பற்றிய கேள்விக்கு வருகிறேன். விற்பனைக்கே எதிரானவர் என்று அவரை நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல். பாட்டை விற்றுத்தான் அவரும் சாப்பிட்டார். என்ன விலைக்கு விற்கிறோம், அந்த விலையை யார் சுமக்கிறார்கள் என்பதில்தான் அவர் கறாராக இருந்தார். 1979-ல் வந்த 'லண்டன் காலிங்' இரண்டு இசைத்தட்டுகள் கொண்டது. அதை ஒரு தட்டின் விலைக்கே விற்க வேண்டும் என்று குழு நின்றது. அடுத்த ஆண்டு வந்த 'சாண்டினிஸ்டா' மூன்று தட்டுகள். அதையும் குறைந்த விலைக்கே கொடுப்பதற்காக, பிரிட்டனில் விற்கும் முதல் 2 லட்சம் பிரதிகளுக்கான ராயல்டியைக் குழுவினர் விட்டுக்கொடுத்தார்கள். கடன் தலைக்கு மேல் இருந்த காலத்தில் எடுத்த முடிவு அது. ஒரு நினைவுப் பொருளுக்கு ஆயிரக்கணக்கில் விலை போட்டு, 'சேகரிப்பாளர் பதிப்பு' என்று பெயரும் வைத்து விற்கிறவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

கூலி விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் அவருடைய இறுதி நாட்கள். 2002 நவம்பரில் பிரிட்டனின் தீயணைப்பு வீரர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1977-க்குப் பிறகு நாடு தழுவிய அளவில் அவர்கள் செய்த முதல் வேலைநிறுத்தம். நவம்பர் 15 அன்று அவர்களுக்கு நிதி திரட்டுவதற்காக லண்டன் ஆக்டன் டவுன் ஹாலில் ஸ்ட்ரம்மர் தன் புதிய குழுவுடன் பாடினார். நிகழ்ச்சியின் நடுவே, பார்வையாளராக வந்திருந்த பழைய கிளாஷ் நண்பர் மிக் ஜோன்ஸ் மேடையேறிக் கிட்டாரை எடுத்துக்கொண்டார். 1983-ல் கிளாஷ் குழுவிலிருந்து ஜோன்ஸை வெளியேற்றிய பிறகு இருவரும் ஒரே மேடையில் வாசித்தது அன்றுதான். அடுத்த மாதமே ஸ்ட்ரம்மர் இல்லை. உழைக்கிறவர்கள் நியாயமான சம்பளம் கேட்ட போராட்டத்துக்காகப் பாடிவிட்டுப் போன மனிதரின் பெயரைச் சொல்லி ஒரு தையல்காரரின் கூலியில் கைவைக்க யாருக்கு மனம் வரும்?

வராது என்று சொல்லிவிட முடியாது, வரத்தான் செய்கிறது. எங்கள் பைகளைத் தைப்பது மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த அக்கா ஒருவர். முதல் பேச்சிலேயே எங்களில் ஒருவர், "நல்ல காரியத்துக்குத்தானே அக்கா, தையல் கூலியைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்" என்றார். அக்கா தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு, "தம்பி, பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் என் கூலியை வாங்கிக்கொண்டு நானே கொடுப்பேன். நீங்கள் எதற்கு என் சார்பில் கொடுக்கிறீர்கள்?" என்றார். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அன்றிலிருந்து அவர் சொல்லும் கூலிதான். ஒரு பையின் விலை 150 ரூபாய். துணியும் தையலும் 75, மையும் அச்சும் 20, கொண்டுவரும் செலவு 5. மிச்சம் 50 பிள்ளைகளுக்கு. இந்தக் கணக்கைப் பையோடு ஒரு துண்டுச் சீட்டில் வைத்துக் கொடுக்கிறோம். விற்று முடிந்ததும் மொத்தக் கணக்கைக் கையால் எழுதி, கம்பி வாங்கிய கடை ரசீதுடன் சேர்த்து டீக்கடைச் சுவரில் ஒட்டிவிடுகிறோம். டீ குடிக்க வருகிறவர்கள் நின்று படிக்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். கேட்கட்டும், அதற்காகத்தானே ஒட்டுகிறோம்.

ஏன் பை என்று கேட்கலாம். இசை என்றாலே எல்லோருக்கும் டி-சர்ட்தான் நினைவுக்கு வரும். திருப்பூர் பக்கத்திலேயே இருக்கிறது, நல்ல பருத்திச் சட்டை மலிவாகக் கிடைக்கும். ஆனால் உறைபனி விழும் டிசம்பரில் நீலகிரியில் டி-சர்ட்டை யார் பார்க்கப் போகிறார்கள்? மேலே ஸ்வெட்டர், அதற்கு மேலே ஜெர்கின். பையோ தினமும் கையில் இருக்கும். அதிலும் பிளாஸ்டிக் பைக்குத் தமிழகத்தின் மற்ற பகுதிகளுக்கு முன்பே தடை போட்ட மாவட்டம் இது. சந்தைக்குப் போகிறவர் ஒவ்வொருவருக்கும் துணிப்பை வேண்டும். பயன்படாத நினைவுப் பொருள் பீரோவுக்குள் போய்விடும். பயன்படுகிற பொருள் கேரட்டும் பீட்ரூட்டும் சுமந்துகொண்டு ஊரைச் சுற்றும். "இது யார் ஜோ?" என்று பஸ்ஸில் யாராவது கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்காகவே இத்தனை வேலையும் செய்யலாம்.

அச்சடிக்கும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், எனக்கு மிகப் பிடித்த பகுதி அது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் வலைத்துணி கட்டிய ஒரு சட்டம் வேண்டும். ஒரே நிறம் என்றால் ஒரே சட்டம், செலவு குறையும். நாங்கள் கறுப்பு மட்டும்தான் பயன்படுத்துகிறோம். பையை மேஜையில் சுருக்கமில்லாமல் விரித்து, மேலே சட்டத்தை இறக்கி, மையை ஊற்றி, ரப்பர் பட்டையால் ஒரே அழுத்தத்தில் இழுக்க வேண்டும். நடுவில் கை தயங்கினால் அங்கே ஒரு கோடு விழுந்துவிடும். சட்டத்தைத் தூக்கும்போது துணியில் கறுப்பு ஈரமாக மின்னும். சமவெளியில் சற்று நேரத்தில் காய்ந்துவிடும் மை, இங்கே மஞ்சு இறங்கும் நாட்களில் மறுநாள் வரை ஒட்டும். அறைக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டு, தொட்டுப் பார்த்துக் கையில் ஒட்டாத பிறகு, மேலே வெள்ளைத் துணி விரித்து இஸ்திரி போடுகிறோம். இந்தச் சூடு பட்டால்தான் தண்ணீர் கலந்த மை துணியோடு பிடித்துக்கொள்ளும். சூடு படாத பை முதல் சலவையிலேயே வெளுத்துவிடும்.

என்ன அச்சடிப்பது என்பதில் ரசிகர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். அன்பு இருக்கிறது என்பதற்காக எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள முடியாது. 'லண்டன் காலிங்' அட்டையில், பேஸ் கிட்டாரைத் தரையில் மோதி உடைக்கும் அந்தப் புகழ்பெற்ற படம், பென்னி ஸ்மித் என்ற பெண் ஒளிப்படக் கலைஞர் 1979-ல் நியூயார்க்கில் எடுத்தது. அதில் இருப்பவர் ஸ்ட்ரம்மர்கூட இல்லை, குழுவின் பால் சிமோனன். அதை அப்படியே எடுத்து அச்சடித்து, தர்மத்துக்காக என்று சொல்லிக்கொள்வது இன்னொரு கலைஞரின் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்வது. குழுவின் பெயர், சின்னம், பாடல் வரிகள் எல்லாவற்றுக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். எழுத்தில் அனுமதி வாங்க முடிந்தால் வாங்குங்கள், முடியாவிட்டால் நீங்களே வரையுங்கள். எங்கள் நண்பர் ஒருவர் வரைந்தார்: கிட்டாரின் தலைப்பகுதி, அதன் நுனியில் தேயிலைக் கொழுந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டும். கீழே தமிழில் 'ஜோ', 1952–2002. அவ்வளவுதான்.

இதே காரணத்துக்காக இன்னொரு யோசனையையும் எதிர்த்தேன். பையின் ஓரத்தில் நீலகிரியின் தோடர் பழங்குடியினரின் சிவப்பு-கறுப்புப் பூவேலையை அச்சடித்தால் 'உள்ளூர்த் தன்மை' வரும் என்றார்கள். தோடர் பெண்கள் இழை எண்ணிக் கையால் போடும் எம்ப்ராய்டரி அது, 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதை மையில் நகலெடுப்பது அவர்கள் பிழைப்பில் கைவைப்பது. வேண்டுமென்றால் அவர்களிடமே விலை கொடுத்து வாங்க வேண்டும்.

வெள்ளைக்கார ராக் பாடகருக்கு மலையில் எதற்கு நினைவு நாள் என்று என் சித்தப்பாவே கேட்டிருக்கிறார். என் தாத்தா இலங்கைத் தோட்டத்திலிருந்து, இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்த 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்தவர். ஊர் மாற்றப்பட்டு, கூலிக்காக நின்று, யாரிடமும் பேச்சு எடுபடாமல் வாழ்ந்த தலைமுறை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு, கிட்டாரில் மூன்றே கார்டு (chord, சுரக்கூட்டு) தெரிந்தால் போதும், உன் கோபத்தை நீயே பாடலாம் என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தால், அவர் எந்த ஊர்க்காரராக இருந்தால் என்ன? மேலும், இறந்தவருக்காக இசைப்பது இந்த மலையில் காலங்காலமாக இருப்பது. தோடர், படுகர் வீடுகளின் சாவுக்குக் கோத்தர் பழங்குடியினர் வந்து கொள் என்னும் குழலும் பறையும் வாசித்த மரபு இங்கே இருந்தது. லைன் வீடுகளில் தப்பு மேளம் இல்லாமல் பிணம் எடுப்பதில்லை. வாசித்தவர்களுக்குக் கூலியும் சாப்பாடும் கொடுப்பதும் அந்த மரியாதையின் பகுதிதான். சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். இப்போது அவரும் ஒரு பை வைத்திருக்கிறார்.

மற்ற ரசிகர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதும் உதவும். ரமோன்ஸ் குழுவின் ஜோயி ரமோன் 2001-ல் நிணநீர்ப் புற்றுநோயால் இறந்தார். அவர் பிறந்த நாளான மே 19-ஐ ஒட்டி நியூயார்க்கில் நடக்கும் கச்சேரி, அந்த நோய்க்கான ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுகிறது. அதே குழுவின் வட்ட முத்திரை போட்ட சட்டையை உலகம் முழுவதும் பாட்டே கேட்காதவர்கள்கூட அணிகிறார்கள். பெயர் ஒன்றுதான், ஆனால் ஒரு இடத்தில் அது வெறும் உடை, இன்னொரு இடத்தில் ஒரு நோயாளிக்கான மருந்தாக மாறக்கூடிய பணம். ஸ்ட்ரம்மருக்கு, தாயின் நாடான ஸ்காட்லாந்தில், ஸ்கை தீவில் ஒரு காடே வளர்த்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் இங்கேயும் மரம் நடலாமே என்று ஆர்வமாகக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நீலகிரியின் புல்வெளிகளில் வாட்டில், யூகலிப்டஸ் நட்டுத்தான் நீரோடைகளும் புல்வெளிகளும் பாழாயின. புல்வெளி புல்வெளியாகவே இருக்கட்டும். சோலைக்காட்டு மரங்களை, சோலை இருந்த இடத்தில், தெரிந்தவர்களைக் கேட்டு நடுங்கள்.

பணத்தை எங்கே கொடுப்பது? ஸ்ட்ரம்மர் இறந்த மறு ஆண்டே அவர் குடும்பத்தினரும் நண்பர்களும் 'ஸ்ட்ரம்மர்வில்' என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். இப்போது ஜோ ஸ்ட்ரம்மர் அறக்கட்டளை என்ற பெயரில் இயங்குகிறது. வசதியில்லாத இளம் கலைஞர்களுக்கு இசை பழக வழி செய்வதுதான் அதன் வேலை. அதற்கே உதவ விரும்பினால் அவர்கள் விற்கும் பொருளை நேரடியாக வாங்குவதுதான் சரியான வழி. நடுவில் இன்னொருவர் அவர்கள் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கினால் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதற்கு ரசீது கேளுங்கள். நாங்கள் அவர்கள் பெயரைப் பயன்படுத்துவதில்லை, அவர்கள் செய்கிற வேலையை எங்கள் ஊரில் சிறிய அளவில் செய்கிறோம். மலையின் ஈரத்தில் கிட்டார் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், பழகும் பிள்ளையின் விரல் நுனியெல்லாம் கறுப்பாகிவிடும், மெல்லிய முதல் கம்பி முதலில் அறும். ஒரு செட் கம்பி வாங்குவது தோட்டக் கூலி வாங்கும் வீட்டுக்குச் சின்னச் செலவு இல்லை. அது அறுந்த நாளோடு பழகுவதை நிறுத்திய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் சிறிதாகத் தொடங்குங்கள். முன்பணம் கொடுத்துப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் அச்சடியுங்கள், மிச்சம் தேங்காது. யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்பதை விற்கும் முன்பே சொல்லிவிடுங்கள். தையல்காரரிடம் பேரம் பேசாதீர்கள்.