மான் வேட்டையின் முதல் நாள்

அன்புள்ள ஐயா,

நான் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்கிய அன்று, பக்கத்து வீட்டுப் பெரியவர் விடியுமுன்னே பேரனுடன் காட்டுக்குப் போனார். மாலையில் அவர் வீட்டு வாசலில் மான் தலைகீழாகத் தொங்கியது. திங்கட்கிழமை பள்ளிக்கும் விடுமுறை விட்டார்கள். கொலையைத் திருவிழாவாக்குவது நம் மரபில் உண்டா? அவர் அன்போடு கொடுத்த இறைச்சிப் பொட்டலம் என்ன செய்வதென்று தெரியாமல் ஃப்ரீசரில் கிடக்கிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வேட்டையாடிய பன்றியின் இறைச்சியைச் சுவைத்துப் பார்த்துக் காளத்தியப்பருக்குப் படைத்த கண்ணப்பரை நாயன்மாராக வணங்குகிறவர்கள் நாம். ஆகவே மரபை இதில் இழுக்க வேண்டாம். மானைக் கொன்றதைவிட, கொல்வதற்கென்று நாள் குறித்து ஊரே அதற்காகக் காத்திருப்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். எனக்கோ, அப்படி நாள் குறித்ததால்தான் அங்கே இன்று மான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

19ஆம் நூற்றாண்டில் அம்மாநிலத்தின் காடுகளை மரத்துக்காக மொட்டையடித்தார்கள். இறைச்சிக்கும் தோலுக்கும் சந்தை இருந்ததால் மானைக் கணக்கு வழக்கின்றிச் சுட்டுத் தள்ளினார்கள். வெள்ளைவால் மான் அறவே இல்லாமல் போகும் நிலை வந்தபின், 1895இல் அமைந்த வேட்டை ஆணையம் 1906 முதல் வெளிமாநிலங்களிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. மறு ஆண்டே பிணைமானை, அதாவது பெண் மானை, சுடுவதற்குத் தடை வந்தது. பிறகு கதை தலைகீழானது: ஓநாய்கள் ஏற்கெனவே அழிந்துவிட்டிருந்ததால் மான்கள் பெருகி, முளைத்த கன்றுகளையெல்லாம் மேய்ந்து, காடு அடுத்த தலைமுறை மரங்களை வளர்க்க முடியாமல் திணறியது. பிணைகளையும் அளவோடு சுடுவதற்கு அனுமதி தந்தபோது, அதை அதிகம் எதிர்த்தவர்கள் வேட்டைக்காரர்களேதான்!

பள்ளி விடுமுறைக்கும் காரணம் உண்டு. 1963 முதல் 2018 வரை நவம்பர் நான்காம் வியாழனில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகையை அடுத்த திங்கட்கிழமைதான் வேட்டையின் தொடக்க நாள். 2019இல் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றியபோது பழைய ஆட்கள் பலர் முகம் சுளித்தார்கள். பல ஊர்களில் திங்கட்கிழமை விடுமுறை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

ஒருமுறை நண்பர் ஒருவருடன் துப்பாக்கியின்றி நானும் போயிருக்கிறேன். தலையிலும் மார்பிலும் முதுகிலுமாகக் குறைந்தது 250 சதுர அங்குலம் பளீரென்ற ஆரஞ்சுத் துணி தெரிய வேண்டும் என்பது அங்கே விதி என்பதால், இருவரும் கோயில் கொடிபோல ஓக் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். மங்கலான இருட்டில் கொம்புள்ள கலைமான் ஒன்று கூப்பிடு தூரத்தில் கடந்துபோனது. சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிலிருந்துதான் சுடலாம். நண்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இன்னும் ஆறு நிமிடம் இருந்தது, துப்பாக்கியை எடுக்கவில்லை. ஒன்பது மணிக்கு மேல் வேறொன்று விழுந்தது. குளிரில் பேனா எழுதாமல் அடம்பிடிக்க, அதை வாயருகே வைத்து ஊதி ஊதிச் சூடேற்றி, அனுமதிச் சீட்டில் தேதியும் நேரமும் எழுதி மானின் காதில் கட்டிய பிறகே உடலை நகர்த்தினார். வயிற்றைக் கீறியதும் எழுந்த ஆவியைப் பார்த்து எனக்குக் குமட்டியது; அதை மறைக்க மாட்டேன். கொம்பைப் பிடித்துக்கொண்டு பல்லிளிக்கும் புகைப்படங்களும் எனக்கு இன்றுவரை பிடிப்பதில்லை.

பொட்டலத்துக்கு வருகிறேன். காட்டு மானின் இறைச்சியை விற்பது அங்கே சட்டவிரோதம். அது யாராவது கொடுத்தால்தான் கிடைக்கும். எனவே பெரியவர் தம் வேட்டையில் உங்களுக்கும் பங்கு வைத்திருக்கிறார். உண்ண மனமில்லையென்றால் உறைந்தபடியே திருப்பிக் கொடுத்து, வீட்டில் பழக்கமில்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள், வருந்த மாட்டார். உண்பதென்றால், கொழுப்பு மிகக் குறைந்த இறைச்சி என்பதால் அவசரப்படாமல், மிளகும் சின்ன வெங்காயமும் தாராளமாகப் போட்டு, மூடிவைத்துச் சிறுதீயில் வேகவிடுங்கள்.